முன்வாசல் நிலை

டோஹா
12.10.2005

அன்புள்ள தங்கச்சி நஸ்லியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்போடு எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் சிரிக்காதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே வெயிலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. உன் மூச்சிழுப்பு எப்படி? கூடாரத்திலிருந்து தகரக் கொட்டிலுக்கு மாறிய பிறகு குறைந்ததா, கூடியதா?

கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாக நம் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த ஆட்களுக்கு வயல் பக்கம் காணி கிடைத்ததையும், ஆறு வீடுகளையும் கட்டுகிற வேலையை உதவி நிறுவனம் நமது மேசன் செட்டிடமே தரச் சம்மதித்ததையும் மசூர் போனில் சொன்னான். மற்றது ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் போன் கடையில் அவன் ஒரு சொல் சொன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பத்துச் சொல் சொல்கிறார்கள். ஆகவே வேலை விசயம் இனிக் கடிதத்தில்தான். உன் மாப்பிள்ளை மசூர் மேசன் கரண்டி பிடிக்கிற கையால் பேனை பிடிக்கமாட்டான். நீ வாசித்துக் காட்டு, அவன் சொல்வதை எழுது.

நான் இங்கே ஒரு கொம்பனியில் போர்மன். ஆனாலும் அது என் செட். மசூர் சுவர், றஸாக் பூச்சு, சீனித்தம்பியண்ணன் ஓடாவி, மரவேலை முழுக்க அவர், மேலே நான். உனக்குச் சீதன வீடு கட்டியதும் நாங்கள்தானே. மாப்பிள்ளையே தன் சீதன வீட்டுக்குச் சுவர் வைக்கிறான் என்று ஊர் சிரித்தது. முன்வாசல் நிலை வைத்த காலை உனக்கு நினைவிருக்கும். சீனித்தம்பியண்ணன் காரைதீவிலிருந்து லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் நிலையை ஏற்றி, பெண் அழைத்து வருவதுபோல் மேலே துணி போர்த்திக் கொண்டுவந்தார். நிலையைச் செய்தவர்தான் அதைப் பிடிக்க வேண்டும், நேர் பார்த்து இறுக்கும் வரை வேறு கை படக்கூடாது என்பது அவருடைய சட்டம். பிறகு அது செட்டின் சட்டமாகிவிட்டது. நான் பிஸ்மி சொல்லித் தூக்குநூலை விட்டேன். "அண்ணன், புடிச்சிரிக்கிங்களா?" என்றேன். "உட்டாத்தானே விழும்" என்றார். உம்மா சிரித்த சிரிப்பில் வட்டிலாப்பத் தட்டு சரிந்துவிட்டது. எத்தனை வீடு வைத்தோம்! ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். யாருக்கும் அலுக்கவில்லை.

அந்த வீடு போய்விட்டது. உம்மாவும் போய்விட்டா. நான் ஜனாஸாவுக்கும் வரவில்லை. வீட்டைப் பற்றி எழுத முடிகிறது. மற்றதைத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது.

அடுத்த மாரிக்கு முன் ஒழுங்கை ஆட்கள் கல்வீட்டில் இருக்க வேண்டும். அதுவரை செட் உடையக்கூடாது. எனக்கு வேறொன்றும் வேண்டாம். லீவில் வருகிற ஸலாஹுதீன் கையில் மஞ்சள் பாதுகாப்புத் தொப்பிகள் அனுப்புகிறேன். எல்லோரும் போட வேண்டும். காலை ஏழு மணிக்கு வேலை தொடங்க வேண்டும். மறக்காமல் போட்டோ அனுப்பு.

செட்டுக்கு என் ஸலாம். சீனித்தம்பியண்ணன் வீட்டையும் விசாரித்ததாகச் சொல்.

உன் காக்கா
றவூப்


சாய்ந்தமருது
20.11.2005

அன்புள்ள காக்கா,

வஅலைக்கும் ஸலாம். பெருநாள் வந்துபோனது, நாங்கள் அதைப் பார்க்கவில்லை. இழுப்புக் குறையவில்லை. தகரக் கொட்டில் பகலில் அடுப்பு, இரவில் ஐஸ்பெட்டி. கேட்டீர்கள், சொல்கிறேன். எல்லோரும் நலம் என்று சும்மா எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. உங்களுக்கு அந்தத் தோள்மூட்டு நோவு இன்னும் இருக்கிறதா?

காணியில் முதலில் முளைத்தது பெயர்ப்பலகை. எந்த நாடு, எந்த நிறுவனம், என்ன நிறக் கொடி, எல்லாம் எழுதியிருக்கிறது. அத்திவாரம் வெட்டுமுன் அதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வயலை மூடிப் போட்ட மண் காலை வைத்தால் உள்ளே இழுக்கிறது. வேளாண்மை செய்த நிலத்தில் வீடு, வீடு இருந்த நிலத்தில் கல்லும் முள்ளும். இதைத் தீர்மானித்த பெரிய மனிதர்கள் யாரும் இங்கே குடியிருக்கப்போவதில்லை.

தொப்பிகள் வந்தன. றஸாக் நானா தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மீன் ஆணம் காச்சினா நல்லாரிக்கும் புள்ள" என்றார். மறுநாள் அதில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார். சீனித்தம்பியண்ணன் மட்டும் சொல்லுக்குச் சொல் கேட்டு, காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும்போதே போட்டுக்கொண்டு வருகிறார். சந்திச் சோதனைச் சாவடியில் சிப்பாய் நிமிர்ந்து நின்று வழி விட்டானாம். "இவ்வளவு காலமும் 'இறங்கு' எண்டவன், இண்டைக்கு 'இஞ்சினியர் மாத்தயா' எண்டான் புள்ள! உங்கட காக்கா சும்மா ஆளில்ல, கட்டார்ல இருந்து எனக்கு உத்தியோகம் அனுப்பியிரிக்கார்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

என் மாப்பிள்ளை இவர் சொல்லச் சொன்னது: "ஏழு மணிக்கு வா எண்டு மச்சான் லேசா எழுதிருவார். சாவடி எத்தின மணிக்குத் திறக்கும் எண்டது ஓடாவியிட கையிலயா இரிக்கி?" இதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி
நஸ்லியா


டோஹா
08.02.2006

அன்புள்ள நஸ்லியா,

அஸ்ஸலாமு அலைக்கும். தோள் நோவுக்கு ஒரு மலையாளி தைலம் தந்தான், பரவாயில்லை. உனக்கு இழுப்புக்கு மருந்து ஸலாஹுதீன் திரும்ப வந்த பிறகு அடுத்த ஆளிடம் அனுப்புவேன். மசூர் சாப்பிடுகிறானா? நீ அனுப்பிய போட்டோவில் எலும்பு தெரிகிறது.

றஸாக் வேறொரு நிறுவனத்தின் வேலைக்குப் போய்விட்டான் என்று ஊரிலிருந்து வந்தவன் சொன்னான். நீ ஏன் எழுதவில்லை? இப்படித்தான் செட் உடையும். இங்கே எனக்குக் கீழே வங்காளி, நேபாளி, தமிழ்நாட்டான் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒருவனும் இன்னொருவனின் ஊர்ப் பெயர் அறியமாட்டான். காலையில் பெயர் கூப்பிடுவேன். ஆள் இருந்தால் சரி அடிப்பேன், இல்லாவிட்டால் பெயரில் கோடு. வேலை எப்படி ஓடுகிறது தெரியுமா? நம்மைப் போல் தேத்தண்ணிக்கு வட்டம் போட்டுக் கதைத்துக்கொண்டு இருப்பதில்லை.

மசூரிடம் சொல்: இங்கே நிலை வைத்துவிட்டுச் சுவர் கட்டுவதில்லை. வாசலுக்கு இடம் விட்டு, வாசலுக்கு மேலே வரும் விட்டம், லிண்டல், வரை சுவரைத் தூக்கிவிடுவார்கள். நிலை பிறகு லொறியில் வரும், இரண்டு பேர் நின்று பொருத்திவிடுவார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கத் தேவையில்லை. ஓடாவி ஒரு பக்கம் செய்யட்டும், மேசன் ஒரு பக்கம் கட்டட்டும். நாமும் அப்படிச் செய்தால் மாரிக்கு முன் ஆறு வீடும் முடியும்.

சில வேளை மத்தியானத்தில் சீமெந்துப் பையில் சாய்ந்தால் நம் ஆட்களின் சத்தம் கேட்கிறது. றஸாக்கின் பொய்க்கதை, சீனித்தம்பியண்ணன் மரம் சீவுகிற சீவுளிச் சத்தம். எழுந்து பார்த்தால் மணலும் இரும்பும்தான்.

பதில் சுணங்காமல் எழுது.

காக்கா


சாய்ந்தமருது
25.04.2006

அன்புள்ள காக்கா,

ஸலாம். இழுப்பு இந்த மாதம் குறைவு, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் தோளுக்குத் தைலம் போதாது, பாரம் தூக்காதீர்கள். போர்மன் எதற்குத் தூக்க வேண்டும்?

றஸாக் நானா போனார், திரும்பியும் வந்தார். "அங்க ஒருத்தனும் என்ட பொய்ய நம்புறானில்ல" என்று காரணம் சொன்னார். அதனால்தான் எழுதவில்லை. எழுதியிருந்தால் கடிதம் உங்களிடம் வருமுன் ஆள் இங்கே வந்திருப்பார். உங்கள் கோபம் அடுத்த கடிதத்தில் வரும்போது நாங்கள் சிரித்து முடித்திருப்போம்.

டோஹா முறைக்கு இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வாசல் இல்லாம வீடு கட்டுறதெண்டா கூடு கட்டுறதுதானே. நில வச்சுத்தான் சுவர்" என்று பிடிவாதம்.

ஆறு வீட்டில் முதலாவதாக அப்துல் கபூர் மாமா வீட்டு நிலை போன கிழமை வைத்தோம். நீங்கள் இல்லாமல் முதல் நிலை. மாமா அண்ணனுக்கு வெற்றிலைத் தட்டும் உடுக்கச் சாரமும் கொடுத்தார். சீனித்தம்பியண்ணன் பிடித்தார். தூக்குநூலை விட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் இவர் நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். அது காக்காவின் இடம் என்று கூச்சமாம். அண்ணன்தான் அதட்டினார்: "என்ன தம்பி, கேளன். கேக்காட்டி நான் என்னெண்டு மறுமொழி சொல்ற?" இவர் கேட்டார். அண்ணன் சொன்னார். ஒழுங்கையே கைதட்டியது. நான் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன், உங்களுக்கும் உம்மாவுக்கும் சேர்த்து.

றோட்டு மறுபடியும் கெட்டுப்போகிறது. காரைதீவில் இரண்டு பேரைக் காணவில்லை என்கிறார்கள். இங்கே சிலர் "தமிழ் ஓடாவிய வச்சி என்னத்துக்கு வேல" என்று முணுமுணுக்கிறார்கள். அங்கேயும் நம்மைக் காட்டி அவரிடம் "சோனியிட வேலைக்கு என்னத்துக்குப் போறாய்" என்கிறார்களாம். சுனாமியில் மரக்கிளையில் ஒன்றாகத் தொங்கியவர்கள்தான் இரண்டு பக்கத்திலும் இப்படிக் கதைக்கிறார்கள்.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வரமுடியாத நாட்களில் அண்ணன் வீட்டிலிருந்தே நிலைகளைச் செய்கிறார். அமைதியான நாள் பார்த்து லேண்ட்மாஸ்டரில் ஏற்றிவிடுகிறார். வேலை நிற்கவில்லை. கவலைப்பட வேண்டாம்.

செல்லத்தங்கம் அக்கா, அதுதான் அண்ணனின் மனைவி, உங்களுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்கிறா. பதில் சொல்லுங்கள்.

நஸ்லியா


டோஹா
14.06.2006

நஸ்லியாவுக்கு,

ஸலாம். சூடு கூடிவிட்டது. நேற்று ஒருவன் சாரக்கட்டிலிருந்து மயங்கி விழுந்தான். நான் நலம். நீங்களும் நலமாக இருக்க துஆ.

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். மாதங்கள் போயும் ஒரு நிலைதான் வைத்திருக்கிறீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறார் என்பதை நான் ஏற்கமாட்டேன். கண்ணால் பார்க்காத வேலை வேலையே இல்லை என்று எங்கள் மனேஜர் சொல்வான், அது சரிதான். இன்று ஓடாவி வீட்டில் இருப்பார், நாளை றஸாக் வீட்டில் இருப்பான், மறுநாள் செட் எங்கே? நான் இல்லாததால்தான் இதெல்லாம் நடக்கிறது.

இதை எல்லோர் முன்னாலும் வாசி. மழையோ ஹர்த்தாலோ, காலையில் தளத்தில் நிற்காதவரின் பெயரை வெட்டு. யாராக இருந்தாலும் வெட்டு. அவருக்குப் பதில் வேறு ஆள் பிடி. தமிழ் ஓடாவி கிடைக்காவிட்டால் மருதமுனையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

கடுமையாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. நான் திரும்பி வரும்போது வீடும் இல்லை, உம்மாவும் இல்லை. செட்டாவது இருக்க வேண்டும்.

கல்யாணப் பேச்சுக்கு இப்போது பதில் இல்லை.

றவூப்


சாய்ந்தமருது
17.09.2006

அன்புள்ள காக்கா,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கும் துஆச் செய்கிறோம்.

கடிதம் கிடைத்தது. சொன்னபடி வாசித்தோம். வேலை நடக்கிறது. போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். இவர் ஸலாம் சொன்னார். றஸாக் நானாவும் சொன்னார்.

நோன்பு வருகிறது. உயரத்தில் ஏறும்போது கவனம்.

நஸ்லியா


டோஹா
26.10.2006

அன்புத் தங்கச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும், பெருநாள் வாழ்த்து. உன் கடிதம் சின்னது, போட்டோ பெரியது. அதனால் கோபமில்லை. உடம்பு சுகம்தானே?

போட்டோவைப் பார்த்துவிட்டு எனக்குக் கால் தரையில் படவில்லை. ஐந்து வீட்டுக்கும் லிண்டல் மட்டத்துக்குச் சுவர்! வாசலுக்கு இடம் விட்டு, நிலை இல்லாமல், அச்சாக இங்கே செய்வது போல! மசூர் பிடிவாதக்காரன் என்று எழுதினாயே. பார்த்தாயா, ஒரு கண்டிப்பான கடிதம் என்ன செய்யும் என்று. போட்டோவை மனேஜரிடம் காட்டினேன். "உன் ஊர் ஆட்களா? நீ அங்கே இல்லாமலா?" என்றான். ஓம் என்றேன். என் அறைக்காரருக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

செட்டுக்குச் சொல், நான் பெருமைப்படுகிறேன் என்று. தலையில் தொப்பியும் போட்டிருக்கிறார்கள். றஸாக்கின் தொப்பியில் கரி இல்லை என்று நம்புகிறேன்.

உன் காக்கா
றவூப்


டோஹா
15.01.2007

அன்புள்ள நஸ்லியா,

ஸலாம். உன்னிடமிருந்து பதில் இல்லை. நோயா? இழுப்பா? போன் கடைக்கு எடுத்தேன், லைன் இல்லை என்கிறது. ஒரு முறை மசூர் வந்தான், "எல்லாஞ் சரி மச்சான்" என்றான், வைத்துவிட்டான். மசூர் அப்படிக் கதைக்கிறவன் இல்லை.

போட்டோவைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். நேற்று ஷேவ் எடுக்கும்போது கண்ணாடிக்குள் அது தெரிந்தது. சுவரைத்தான் இவ்வளவு நாளும் பார்த்தேன், பின்னால் பார்க்கவில்லை. கபூர் மாமா வீட்டுச் சுவரோடு நிலைகள் சாய்த்து வைத்திருக்கின்றன. பாதி பிளாஸ்டிக் போட்டு மூடியிருக்கிறது. செதுக்கல் சீனித்தம்பியண்ணன் கை, எனக்குத் தெரியாதா? நிலைகள் தயார் என்றால் ஏன் வைக்கவில்லை? நிலைக்காகச் சுவர் காத்திருக்கவில்லை, சுவருக்காக நிலையும் காத்திருக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

அந்த நிலைகளின் மேல் ஒரு மஞ்சள் தொப்பி இருக்கிறது. மசூர் தலையில் ஒன்று, றஸாக் தலையில் ஒன்று. அது யாருடையது?

எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய். நீ அப்படி எழுதுகிறவள் இல்லை.

நஸ்லியா, சீனித்தம்பியண்ணன் எங்கே?

காக்கா


சாய்ந்தமருது
02.03.2007

காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இவரும் சுகம். நீங்கள் இதை அறையில் இருந்து வாசியுங்கள், வேலைத்தளத்தில் வாசிக்க வேண்டாம். "மச்சான் மாடி உயரத்தில நிக்கிற மனிசன், கால் தடுமாறும், எழுதாத" என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். உங்கள் பெருநாள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பிரியாணி என்ற இடத்தில் இவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு எழுதக் கை வரவில்லை. இப்போது இவரே எழுதச் சொல்லிவிட்டார்.

ஓகஸ்டில் உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் ஜூனில் எழுதியது. நீங்கள் எழுதும்போது இருந்த றோட்டு வேறு, அது வந்து சேரும்போது இருந்த றோட்டு வேறு. மூதூரில் சண்டை, ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் ஊரை விட்டு நடந்து வந்த நாட்கள் அவை. சொன்னபடி எல்லோர் முன்னாலும் வாசித்தேன். நான்தான் வாசித்தேன். அண்ணன் சீவுளியை வைத்துவிட்டுக் கேட்டார். சிரித்தார். "றவூப் தம்பி அங்க போய் வெள்ளைக்காரனாகிட்டார்" என்றார். பிறகு, "மருதமுனையில இருந்து ஓடாவி வந்தா என்ட நிலைய ஆர் புடிக்கிற? நான் வாறன்" என்றார். இவர் சொன்னார், "வேணா அண்ணன், மச்சானுக்கு நான் எழுதுறன்." "நீ எழுதுவாயா? உனக்குப் பேனை புடிக்கத் தெரியுமா?" என்று கிண்டல். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த கிழமை ஹர்த்தால். நோட்டீஸ் ஒட்டியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கடை திறக்கவில்லை. நாங்களே தளத்துக்குப் போகவில்லை. அண்ணன் மட்டும் வந்திருக்கிறார். "பேர வெட்டிருவாங்களாம்" என்று செல்லத்தங்கம் அக்காவிடம் பகிடியாகச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டாராம். காரைதீவுக்கும் நமக்கும் நடுவில், யாரும் இல்லாத றோட்டில், ஒரு வாகனம் நின்றிருக்கிறது. மதில் துவாரத்தால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்தோம் என்று சொல்ல அவர்களில் ஒருவரும் இல்லை. சைக்கிள் கிடந்தது. தொப்பி கிடந்தது. இவர்தான் எடுத்துவந்து நிலைகளின் மேல் வைத்தார். இன்று வரை யாரும் தொடவில்லை.

பொலிஸில் எழுதிக்கொண்டார்கள். அவரைத் தேடித்தரச் சொல்லும் மனுவில் கையெழுத்து வாங்க இவர் நம் பெரியவர்களிடம் போனார். "இது நமக்குத் தேவையில்லாத வேல" என்றார்கள். அவர் செய்த நிலையைத் தாண்டித்தான் அவர்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக்குள் போகிறார்கள். அக்கா தன் பக்கத்துப் பெரியவர்களிடம் போனா. "அவங்களோட திரிஞ்சதாலதான்" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே வாய்.

மாரி வருமுன் முடிக்க வேண்டும் என்று சுவரைத் தூக்கினோம். நிலையை வைக்க இவருக்கு மனம் வரவில்லை. செய்தவர் பிடிக்க வேண்டுமே. அதனால் வாசலுக்கு இடம் விட்டார். அதைத்தான் நீங்கள் டோஹா முறை என்று உங்கள் மனேஜரிடம் காட்டினீர்கள்.

உங்கள் மேல் குற்றம் இல்லை என்று எழுதச் சொன்னார் இவர். நான் அதை எழுதமாட்டேன். குற்றம் என்றும் எழுதமாட்டேன். அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தது என் வாய்.

நஸ்லியா


டோஹா
30.05.2007

தங்கச்சிக்கு,

ஸலாம். உங்கள் சுகத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

என்ன எழுதுவதென்று தெரியாமல் நாட்கள் போயின. காலையில் பெயர் கூப்பிடுகிறேன். போன கிழமை ஒரு நேபாளி வரவில்லை. கோடு போடப் பேனையை வைத்தேன், முடியவில்லை. மற்றவர்களிடம் கேட்டேன், அவன் எங்கே என்று. "காய்ச்சல்" என்றார்கள். அவன் அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு போர்மன் அறைக்கு வந்ததைப் பார்த்து அவன் பயந்து எழுந்து நின்றான்.

நிலைகளை வைக்க வேண்டாம் என்று மசூரிடம் சொல். அவர் வரட்டும். வந்து அவர் பிடிக்கட்டும்.

றவூப்


சாய்ந்தமருது
21.06.2009

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். இழுப்புக்கு மருந்து கிடைத்தது. மருந்தோடு ஒரு வரியாவது வைத்திருக்கலாம். இரண்டு வருசம் போனில் "சுகமா, சுகம்" என்று மட்டும் கதைத்தோம். உங்கள் தோள் எப்படி? கேட்டால் சொல்லமாட்டீர்கள், ஆனாலும் கேட்கிறேன்.

யுத்தம் முடிந்துவிட்டது. சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள், வெடி கொளுத்தினார்கள், நம் பையன்கள் சிலர் கொடி பிடித்து மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். காரைதீவில் அன்று ஒரு கதவும் திறக்கவில்லை. இவர் சந்திவரை போய், கொடுத்த சோற்றை வாங்காமல் திரும்பி வந்தார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முதல் உத்தரவைக் கேட்டது போலவே இரண்டாவதையும் கேட்டோம். இரண்டு மாரி, முன்வாசலில் தகரத் தட்டிதான். "தகரத்துக்குத் தப்பிக் கல்வீட்டுக்கு வந்தும் தகரந்தானா?" என்று ஒழுங்கைப் பெண்கள் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் கடையில் நிலை வாங்கிப் போட்டுவிட்டார். அவரைப் பிழை சொல்லமாட்டேன், குமர்ப்பிள்ளைகள் உள்ள வீடு. தொலைவில் இருக்கிறவருக்குக் காத்திருப்பது லேசு. இங்கே வாசலால் மழை வருகிறது.

முடிந்த கையோடு, பிடிபட்டவர்களை விடுவார்கள் என்று கதை வந்தது. செல்லத்தங்கம் அக்கா அண்ணனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வடக்கே ஒவ்வொரு முகாம் வேலியாகப் போனா, தெற்கேயும் போனா. ஒரு இடத்தில் நானும் கூடப் போனேன். படத்தைப் பார்த்த ஒருவன், "இவர் கிழவரே, இவரப் புடிச்சி என்ன செய்ற?" என்று எங்களிடமே கேட்டான்.

திரும்பி வந்த மறுகிழமை அக்கா நேராகத் தளத்துக்கு வந்தா. பிளாஸ்டிக்கை இழுத்து எறிந்தா. ஒரு நிலையின் காலில் கறையான் ஏறத் தொடங்கியிருந்தது. விரலால் தட்டிப் பார்த்துவிட்டு இவரிடம் திரும்பினா.

"தம்பி, இதென்ன? மனிசன் வேர்வ சிந்திச் செய்த மரம். மண்ணுக்குத் தின்னக் குடுக்கவா வச்சிரிக்கிங்க?"

"அண்ணன் வந்து புடிக்கட்டும் எண்டுதான் அக்கா."

"வாசல் திறந்து கிடந்தா அவர் வருவாரெண்டா நான் என்ட வீட்டுக் கதவக் கழட்டி வச்சிட்டுக் குந்தியிரிப்பன். வைங்க. நான் புடிக்கன்."

"செய்தவர்தானே அக்கா..."

"செய்யக்குள்ள ஒவ்வொரு மரத்துக்கும் மற்றப் பக்கம் புடிச்சது ஆர்? உங்கட பள்ளிவாசல் தலைவரா?"

றஸாக் நானா அண்ணனின் தொப்பியை எடுத்துத் துடைத்து அக்காவிடம் நீட்டினார். அவ போடவில்லை, இடுப்பில் சொருகிய முந்தானைக்கு மேல் அணைத்துப் பிடித்துவிட்டு என்னிடம் தந்தா. நிலையைப் பிடித்தா. இவர் பிஸ்மி சொல்லித் தூக்குநூலை விட்டார். பழக்கம், வாய் நிற்குமா? "புடிச்சிரிக்கிங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எல்லோரும் அக்காவையே பார்த்தோம்.

"கதைக்காம வேலயப் பாருங்க தம்பி, கை உளையுது" என்றா.

மூன்று வீட்டுக்கும் அப்படியே வைத்தோம். கபூர் மாமா இந்த முறையும் நீட்டிய வெற்றிலைத் தட்டை அக்கா வாங்கினா. சாரத்தையும் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தா.

மிச்சம் நம் வீட்டு நிலை ஒன்றுதான். கறையான் ஏறியது அதுதான். காலை வெட்டிப் புது மரம் ஒட்டினால் போதும் என்று அக்கா சொல்கிறா. அதை மட்டும் இவர் வைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

"காக்காவுக்கு என்ன எழுத அக்கா?" என்று கேட்டேன். "வந்தா வீட்டுக்கு வரச் சொல்லு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். வேற ஒண்டும் நான் சொல்லமாட்டன்" என்றா.

நஸ்லியா


டோஹா
19.07.2009

அன்புத் தங்கச்சி நஸ்லியாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். தோள் நோகிறது. நோகவில்லை என்று இனி எழுதமாட்டேன்.

வேலையை விட்டுவிட்டேன். கடிதம் கொடுத்தபோது மனேஜர், "உன் ஆட்களை அங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டான். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை.

நோன்புக்கு முன் வந்துவிடுவேன். கொழும்பில் நிற்கமாட்டேன். பஸ்ஸில் வந்தால் காரைதீவுச் சந்திதானே முதலில் வரும், அங்கேயே இறங்கிவிடுகிறேன். அக்கா வீட்டு வாசலில் என்ன சொல்வதென்று விமானச் சீட்டு எடுத்த நாளிலிருந்து யோசிக்கிறேன். தேத்தண்ணியைக் குடிப்பேன். அவ ஏதாவது சொன்னால் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

பிறகு அவவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நம் வீட்டு நிலையின் ஒரு பக்கத்தை அவ பிடிக்கட்டும். மற்றப் பக்கத்தை நான் பிடிக்கிறேன். மசூர் தூக்குநூலை விடட்டும். மேலே நிற்கிற ஆள் இனி நான் இல்லை.

ஒன்று மட்டும். மசூர் பழக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பான். என் மனம் நோகும் என்று நீ அவனைத் தடுப்பாய். தடுக்க வேண்டாம் புள்ள. எனக்கு மறுமொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் கேட்கட்டும்.

உன் காக்கா
றவூப்